குழாய்த் திருகு

இல்லீங்க அக்கா, ஊட்டுக்குள்ள வரலீங்க. இந்த வெத்தலக் கொடிக்கா வரப்புலயே உக்காந்துக்கறேன். நீங்க பாட்டுக்கு வெத்தலய அடுக்குங்க, வேல கெட வேண்டாம். என்னைத் தெரியலீங்களா? யூனிபாரம் இல்லாம தெரியாதுதான். ஜெயில்ல உங்க பையனை மனுப் போட்டுப் பாக்க வாரப்ப, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு டைம் ஆச்சு டைம் ஆச்சுன்னு கத்துவனே, வார்டர் சண்முகவேலுங்க. ஆமாங்க, அதே ஆளுதான். வாராவாரம் எனக்குன்னு தனியா ஒரு கவுளி வெத்தல கொண்டாருவீங்க. எம்பையனப் பாத்துக்கோங்க சாமின்னு.

பாத்துக்கிட்டேன் போங்க, நல்லாப் பாத்துக்கிட்டேன்.

அறிவழகன் நெம்பத் தங்கமான பையனுங்க. லீவுல வாரப்ப ரயில்ல மேலதிகாரிய அடிச்சது தப்புத்தான், ஆரு இல்லைன்னா? ஆனா பட்டாளத்துக்காரங்கற திமிரு அவங்கிட்ட ஒரு நாளும் இல்ல. நாலு பேரு படுக்கற ரூம்புல பதினோரு பேரு. கக்கூஸ் அடைச்சுக் கெடக்கும். அந்த நாத்தத்துல உக்காந்து, எழுதத் தெரியாத பசங்களுக்கெல்லாம் ஜாமீனுக்கு எழுதிக் குடுப்பான்.

ஜெயில்ல தண்ணி வராததுங்களா? உங்ககிட்டயும் சொன்னானா? டேங்கு சீக்கிரம் காலியாகுதுன்னு குழாய்த் திருகக் கழட்டி என்ற ஜோப்புல வெச்சுக்குவேன். காலைல அரை மணி நேரம் மாட்டி உடுவேன், அத்தோட சரி. மேல இருக்கறவங்க சொன்னாங்கன்னு சொல்லிக்கலாம். ஆரும் சொல்லலீங்க. நானாத்தான் செஞ்சேன். கைதிக எல்லாம் சார் சார்னு எம்பின்னால வாரதுல எனக்கொரு பவுசு.

அப்பத்தான் பட்டாளத்துல இருந்து கடுதாசி வந்துச்சு. இவன எங்ககிட்ட ஒப்படைங்க, நாங்களே விசாரிச்சுக்கறோம்னு. பையன் பயந்துட்டான். இங்கன்னா எங்கம்மா பஸ் ஏறி வந்து பாக்கும், நம்ம வக்கீல் இருக்காரு, அங்க எனக்கு ஆரு இருக்காங்கன்னான். அந்தத் திங்கக்கிழமையே ஹைகோர்ட்டுக்கு பெட்டிஷன் எழுதினான், ரெண்டு பக்கம். என்னைய அனுப்பாதீங்க, இங்க மனுசனாட்டம் இருக்க உடுங்கன்னு. கைதி எழுதறத வார்டர் வாங்கி ஆபீசுல குடுத்து அன்னிக்கே பதியோணும்.

ஆரு வாங்குனதுங்களா? இருங்க, சொல்றேன். அந்தச் சொம்ப அங்கயே வைங்க அக்கா, உங்க கையால எனக்குத் தண்ணி வேண்டாம்.

வியாழக்கிழமை பட்டாளத்து வண்டி வந்துருச்சு. அவன் மல்லுக்கு நிக்கல, கத்தல, காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டான். பெட்டிஷன் போயிருச்சு, ஹைகோர்ட்டு கூப்புடும்னு அத்தன நம்பிக்க. ஏறும்போது என்னைப் பாத்துச் சிரிச்சான். ரெண்டு நாள்ல வந்துருவேன் சார்னான். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க உடறதில்லீங்க.

இப்ப உங்க வக்கீல் கேஸ் போட்டிருக்காரு, அவனத் திரும்பக் கொண்டாரச் சொல்லி. ஜெயிலு என்ன பதில் குடுத்திருக்குது? பெட்டிஷனே குடுக்கல, சம்மதிச்சுத்தான் போனான்னு. அதுக்கு வாக்குமூலம் குடுத்தது நாந்தானுங்க.

பெட்டிஷன வாங்குனதும் நாந்தான். அதுல ரெண்டாம் பக்கத்துல ஒரு வரி. குழாய்த் திருகு வார்டர் சண்முகவேல் ஜோப்புல இருக்குதுன்னு பேரோட எழுதிப்போட்டான். அந்த ஒரு வரிய மட்டும் உட்டுட்டு வேற எழுதித் தரச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். மூணு நாளா கேக்க வாய் வரல. செவ்வாக்கெழம அவனே கேட்டான், போயிருச்சுங்களா சார்னு. போயிருச்சு சாமின்னேன்.

நாளைக்கு நீங்க வக்கீலப் பாக்கப் போறப்ப நானும் வாரேன். அவருகிட்டயும் இதயே சொல்றேன். வேல போனாப் போகட்டும்.

கையத் தொடச்சுட்டு இந்தப் பெட்டிஷன வாங்குங்க அக்கா, ஈரம் படாம. தேதி மேலயே போட்டிருக்கான் பாருங்க. மடிச்ச எடத்துல செவப்பா இருக்கறது துருங்க. திருகும் அதே ஜோப்புலதான் கெடந்துச்சு.