மறதிக்காரர்கள் பட்டியல்

டீ ஆறிவிடும், குடியுங்கள் சார். நான் எங்கும் போய்விட மாட்டேன்.

2003-இல் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். வெடி வைப்பதற்கு முன் பள்ளத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கும் பெர்ல் புரோகிராம் நான் எழுதியதுதான். வாசலில் அட்டையைத் தேய்த்து உள்ளே போனால் அவர் பெயரில் ஒரு ஃபைல் உருவாகும். வெளியே வரும்போது தேய்த்தால் அது அழியும். மதியம் ஒரு மணிக்கு புரோகிராம் அந்த ஃபோல்டரைப் பார்க்கும். காலியாக இருந்தால் சங்கு ஊதக் கட்டளை கொடுக்கும். மூன்று நிமிடம் கழித்து வெடிப்பார்கள். ஒரு ஃபைல் மிச்சமிருந்தாலும் சங்கு ஊதாது.

சாப்பாட்டு அவசரத்தில் வெளியே ஓடுகிறவர்களில் ஏழு பேர் அட்டையைத் தேய்க்க மறப்பார்கள். வெடி தள்ளிப்போகும். மேனேஜர் குருநாதன் எல்லார் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். "எழுதுனது நீதானய்யா? நின்னுபோனா நீதான சரிபண்ணணும்?" அவமானமாக இருந்தது. அந்த ஏழு பெயர்களையும் ஒரு பட்டியலாகப் போட்டேன். ஃபோல்டரைப் பார்ப்பதற்கு முன் பட்டியலில் உள்ளவர்களின் ஃபைல்களை அழித்துவிடும்படி ஒரே ஒரு வரி சேர்த்தேன். பிறகு ஒரு நாளும் தாமதமில்லை. எப்படிச் சரிசெய்தாய் என்று குருநாதன் கேட்கவில்லை.

பட்டியலில் முதல் பெயர் பூமாலை. பள்ளத்தில் துளை போடுகிறவர்களுக்குத் தண்ணீர் சுமக்கிற பெண், திருமானூர்க்காரர். ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னாலதான் ஒங்களுக்குப் பேச்சுன்னாங்க சார். எப்புடித் தேய்க்கணும்னு ஒருக்கா காட்டுங்க. இனிமே மறக்க மாட்டேன்."

காட்டினேன். அதன்பின் பதினொரு நாள் அவர் ஒருமுறைகூட மறக்கவில்லை. நான் தினமும் பார்த்தேன். பட்டியலிலிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றில் அடிக்கடி கைவைப்பது நல்ல பழக்கமில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு மணிக்கு, அழித்த ஃபைலின் பெயர் திரையில் வந்தது. பூமாலை. அன்று அந்த ஒரு பெயர்தான். சங்கு ஊதத் தொடங்கியது. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நிறுத்தச் சொன்னால் அந்த வரியைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நிமிடம் ரொம்ப நீளம் சார்.

மேலேறும் பாதையில் பாதிவரை ஓடி வந்திருக்கிறார்.

கம்ப்யூட்டரில் அவர் வெளியே போய்விட்டதாக இருந்தது. திரும்ப உள்ளே போனபோது அட்டையைத் தேய்க்க மறந்திருக்கிறார் என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். "அம்மாவுக்கு மறதி ஜாஸ்திங்க" என்று அவர் மகன் அறிவரசனே அழுதுகொண்டு சொன்னான். பக்கத்தில்தான் நின்றேன்.

நான் இரக்கமில்லாதவன் இல்லை சார். அன்று மாலையே அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மற்ற ஆறு பேரை அப்படியே வைத்தேன். அவர்கள் உண்மையிலேயே மறதிக்காரர்கள்.