ஹொலிவூட்டில் அடிக்கடி செத்தவர்

லண்டன் ஸ்ட்ரெதத்தில் பஸ் ஏறி மேல்தளத்தில் உட்கார்ந்தேன். முன் இருக்கையில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருவர். இளையவர் முதியோர் இல்லச் சீருடையில் இருந்தார்.

“நான் பாக்கிற மனுசி ஹொலிவூட்டிலை எத்தினையோ தரம் செத்தவ, அக்கா.”

“என்னடி விசர்க்கதை?”

“உண்மையா. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களிலை துணை நடிகை. கதாநாயகிக்குத் தங்கச்சி, தோழி, நர்ஸ். பாதிப் படத்திலை செத்துப் போவாவாம். நேற்று இஞ்சை தியேட்டரிலை அவவின்ரை படம் ஒண்டு போட்டவை. ‘என்னை ஆருக்குத் தெரியும், நான் வரேல்லை’ எண்டு ஒரே அடம். நான்தான் லிப்ஸ்டிக் பூசிவிட்டு, சக்கர நாற்காலியிலை தள்ளிக்கொண்டு போனன்.”

“பிறகு?”

“படம் முடிய, அவ வந்திருக்கிறா எண்டு மைக்கிலை சொன்னாங்கள். முழுத் தியேட்டரும் எழும்பி நிண்டு கைதட்டினது, அக்கா. நிப்பாட்டவே இல்லை. அவ என்ரை கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அழுதா. பிறகு ஒரு பெட்டை எழும்பி, ‘கடைசிவரை கதாநாயகியா நடிக்கேல்லையெண்டு உங்களுக்குக் கவலை இல்லையோ?’ எண்டு கேட்டவள்.”

“அதுக்கு என்ன சொன்னவ?”

இளையவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலும் உயர்ந்தது.

“கண்ணைத் துடைச்சுப்போட்டு வடிவாச் சிரிச்சா. ‘முகத்திலை சுருக்கம் விழ, கதாநாயகிகளை வீட்டுக்கு அனுப்பிப்போட்டாங்கள். எனக்குச் சுருக்கம் விழுந்த பிறகுதான் நல்ல வேஷமெல்லாம் வந்தது. அதுக்குப் பிறகு ஒரு படத்திலையும் நான் சாகேல்லை’ எண்டா.”