ராடின் இரண்டு பக்கமும் நைலான்

கோபிநாத் சார் எனக்குத் தரவேண்டியிருந்தது இருபத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். அவர் காரின் முறிந்த ராடை மேசையில் வைத்துக்கொண்டு, "இதப்பத்தி எழுதுங்க பெரியண்ணே" என்று தாளைக் கொடுத்தீர்கள். எழுதுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவன் நான். கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

அரிமளத்தில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையிலிருந்து அந்த வண்டியை இழுத்து வந்தபோது சீட்டுக்கு அடியில் கோழி முட்டை கிடந்தது. எழுபத்தொன்றாம் வருடத்து வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு சீட்டு. துபாயிலிருந்து திரும்பிய கையோடு கோபிநாத் சார் ஆசைப்பட்டு வாங்கினார். பட்டறை வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவர் வீட்டு ஷெட்டில் இரண்டு வருடம் நான் அதோடு கிடந்தேன். கூலி பாக்கி அப்படிச் சேர்ந்ததுதான். கேட்டால், "அடுத்த வாரம் பெரியண்ணே, ஒங்க காசு எங்கிட்டும் போயிராது" என்பார். நல்ல மனிதர். நான் குறை சொல்லவில்லை.

சித்திரையில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. நான் ஷெட்டுக்குள் நுழைந்தால் அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போவார். ஒரு நாள் திருச்சியிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தார், கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார், போட்டோ எடுத்தார்.

"யாரு சார் அது?" என்றேன்.

"தெரிஞ்சவருண்ணே." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வேறு மெக்கானிக். வண்டியை அவனிடம் தள்ளிவிட்டு என் கூலியை விழுங்கப் பார்க்கிறார். இதற்கு ஆராய்ச்சி எதற்கு?

அந்த வாரமே, "முன்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம் வருது, புஷ்ஷெல்லாம் மாத்திருவோம்" என்றார். சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனில் இரும்பும் இரும்பும் மோதாமல் நடுவில் இருப்பது புஷ். பழைய ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. ரப்பர் என்றால் மெத்தென்று போகும், சீக்கிரம் தேயும். நைலான் கட்டையை லேத்தில் கடைந்து போட்டால் வண்டி விறைப்பாக நிற்கும், வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் ரோட்டில் உள்ள குழியெல்லாம் முதுகில் ஏறும். அவர் போனில் வீடியோ பார்த்துவிட்டு நைலான்தான் என்று நின்றார்.

"எல்லாத்துக்குமா சார்?"

"பின்ன? பாதி வேட்டி, பாதி பேண்ட்டாவா போடுவாங்க?" என்று சிரித்தார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி ராஜலட்சுமி அம்மா, "இந்த வயசுல இவுகளுக்கு ரேஸ் ஓட்டணுமாம், கேளுங்கண்ணே" என்றார். நானும் சிரித்தேன்.

முன்சக்கரம் முன்னே பின்னே நகராமல் பிடித்திருப்பது ஒரு நீள ராடு. சக்கரம் ஏறி இறங்கும்போது அதுவும் அசைந்து கொடுக்க வேண்டும். அது வண்டியின் அடிச்சட்டத்தில் நுழையும் இடத்தில் இரண்டு பக்கமும் புஷ் உண்டு. ஒரு பக்கம் நைலான் போட்டாலும் மறுபக்கம் ரப்பர்தான் போட வேண்டும். இரண்டும் நைலான் என்றால் ராடு அசைய வழியில்லாமல் கழுத்தில் வளைந்து வளைந்து ஒரு நாள் முறிந்துவிடும். முன்பு ஒரு வண்டியில் அப்படி முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னபடி செய்தேன். வேலையில் ஒரு குறை கிடையாது. லேத்துக்காரரைக் கேளுங்கள், அளவு இம்மி பிசகவில்லை.

நைலான் போட்ட ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்.

"பிரேக் அடிச்சா எடது பக்கம் லேசா இழுக்குதுண்ணே. நாளைக்கு நார்த்தாமலை வரைக்கும் ஒருத்தருக்கு ஓட்டிக் காட்டணும். ரப்பர்தான் சரின்னா மாத்திருங்க. நீங்க சொன்னாச் சரி."

ஒருத்தர் என்றால் யார், அந்த வெள்ளைச் சட்டைதான். அடியில் படுத்துப் பார்த்தேன். ராடின் கழுத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். கிரீஸ் துணியால் அதன்மேல் ஒரு பூச்சுப் பூசினேன்.

"புது நைலான் சார், படிய நாளாகும். தைரியமா ஓட்டுங்க" என்றேன்.

மறுநாள் அந்தத் திருச்சிக்காரரைக் கூட்டிவர அவர் தனியாகப் போனார். நார்த்தாமலை விலக்கில் லாரி ஒன்று குறுக்கே திரும்ப, பிரேக்கை மிதித்திருக்கிறார். மிச்சத்தை உங்கள் ஆட்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ராஜலட்சுமி அம்மா என்னை வரச் சொன்னார். திருச்சிக்காரர் மெக்கானிக் இல்லையாம். பழைய வண்டிகளை வாங்கி விற்பவராம்.

"வண்டிய வித்து மொத வேலையா ஒங்களுக்குத்தான் குடுக்கணும்னாகண்ணே. ரெண்டு வருசம் பிள்ளை மாதிரி பாத்த மனுசன், விக்கப் போறோம்னா மனசு ஒடஞ்சிருவாருன்னு ஒங்ககிட்ட மறைச்சே வச்சிருந்தாக."

அதை வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. மறைத்தது அவர்.

அந்த அம்மா ரூபாயை என் கையில் வைத்தார். "எண்ணிப் பாத்துக்கங்கண்ணே."

எண்ணினேன். சரியாக இருந்தது. அதில் எழுநூற்றைம்பதை எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்து, பாக்கி தீர்ந்தது என்றேன். செத்த வீட்டில் சில்லறை வரைக்கும் கறாராக வாங்குகிற ஆள் நான் இல்லை, இன்ஸ்பெக்டர் அம்மா.