விளம்பரம் போடட்டும், டீச்சர்

இந்த ஸ்டேஷன்ல டீ நல்லா இருக்கு சார். திருப்பரங்குன்றத்துல நான் வேலை பார்க்குற கேபிள் ஆபீஸ் பக்கம் இம்புட்டு நல்ல டீ கிடையாது. குடிச்சுக்கிட்டே சொல்றேன், எழுதிக்கங்க. பேரு சத்தியசீலன்.

டிவி நிகழ்ச்சிய போன்ல இறக்கி வச்சுப் பார்க்க, ஒரு சேனல்காரங்க புதுசா ஆப் கொண்டு வந்தாங்க. வெளிய விடுறதுக்கு முன்னாடி எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட கொடுத்து, ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லச் சொன்னாங்க. அருமையான ஆப் சார். விளம்பரம் கிடையாது. ஒரு எபிசோடு முடிஞ்சா அடுத்தது தானா ஓடும். நாளைக்கு வர்ற கதை இன்னைக்கே வந்துரும். அதைப் பெரிய டிவியில போட்டும் பார்க்கலாம்.

எங்க அக்கா ஆனிமேரி மிஷன் ஸ்கூல் டீச்சரா இருந்துச்சு. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு. கூடவே மூச்சிழுப்பு. வாயில வச்சு அடிக்கிற பம்பு எப்பவும் தலமாட்டுலயே இருக்கும். குளிப்பாட்டுறது, பீ மூத்திரம் அள்ளுறது எல்லாம் நான்தான். ஒருநாளும் மூஞ்சி சுழிச்சதில்ல, தெருவுல யாரை வேணா கேளுங்க.

சாயங்காலம் ஆனா அக்காவுக்கு சீரியல் வேணும். எனக்கு அந்த அழுகாச்சி ஆகாது. டிவியப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயிருவேன். சோறு ஊட்டும்போது அக்கா எனக்குக் கதை சொல்லும். ஒருநாள் சொல்லுச்சு, கதையில வர்ற அக்காக்காரி தம்பிக்குப் பேசின பொண்ணு வீட்ல போயி, அவனுக்கு வலிப்பு நோய்னு பொய் சொல்லிட்டாளாம். சொல்லிட்டு ஒரே சிரிப்பு.

"நானும் உனக்கு அதாண்டா பண்ணேன் சீலா. அந்தப் பேரையூர் பொண்ணு, ஷெரின். நீ போயிட்டா என்னைய யாருடா பார்ப்பா?"

ஷெரின் வீட்ல ஏன் பேச்ச முறிச்சாங்கன்னு இத்தனை வருசமா நான் மண்டைய உடைச்சுக்கிட்டு இருந்தேன் சார். வாயத் துடைச்சு விட்டு, தண்ணி கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கொசு ஜாஸ்தி. ஜன்னலச் சாத்தினேன். கட்டிலுக்கு அடியில கொசுவத்தி ஏத்துனேன். அந்தப் பொகை அக்காவுக்கு ஆகாது, தெரியும். பம்ப எடுத்து பிரிட்ஜ் மேல வச்சேன். ஆப்ல அன்னைக்கு எபிசோடு, அடுத்து மறுநாள் எபிசோடுன்னு போட்டு, சத்தத்தக் கூட்டி வச்சேன். "போயிட்டு வாரேன்க்கா"ன்னு சொன்னேன். அது டிவியவே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

ஒரு விஷயம் எனக்குத் தெரியாமப் போச்சு. பக்கத்து வீட்டு தமிழ்ச்செல்வியும் அதே சீரியல்தான் பார்ப்பா. நடுவுல ஒத்தக்கல் சுவருதான். விளம்பரம் போட்டதும் அக்கா டம்ளரால சுவத்துல தட்டும், அவ பேச்சுக் கொடுப்பா. நான் டீக்கடையில இருக்குற நேரம், எனக்கு எப்படித் தெரியும்?

அன்னைக்கு அவ டிவியில கதை ஓடிக்கிட்டு இருக்கும்போதே இங்கிருந்து தட்டுற சத்தம் கேட்டுருக்கு. விடாமத் தட்டியிருக்கு. "இருங்க டீச்சர், விளம்பரம் போடட்டும்"னு சொல்லிட்டு, பாவம், அவ கதையப் பார்த்துக்கிட்டு இருந்துருக்கா. விளம்பரம் வந்ததும் அவ தட்டியிருக்கா. பதிலே இல்ல. டிவி மட்டும் ஓடுது. உடனே எனக்குப் போன் போட்டா.

"அண்ணே, எங்க வீட்ல விளம்பரம் ஓடுது, உங்க வீட்ல கதை ஓடிக்கிட்டே இருக்கு. டீச்சர் தட்டிக்கிட்டே இருந்தாக, இப்பக் கூப்பிட்டா பேச மாட்டேங்குறாக. கதவு வேற பூட்டிக் கிடக்கு. பயமா இருக்குண்ணே."

"அது புது ஆப் தாயி, விளம்பரம் வராது. அக்கா அசந்து தூங்கியிருக்கும், எழுப்பிராத"ன்னேன்.

"அப்ப எனக்கும் அதைப் போட்டுக் கொடுங்கண்ணே"ன்னா. சரின்னேன். அந்த நேரம் போயிருந்தா அக்கா பொழைச்சிருக்குமான்னு கேக்குறீங்க. பொழைச்சிருக்கும் சார். கடை நம்ம வீட்டுத் தெருமுக்குலதான். நான் இன்னொரு டீ சொன்னேன்.

தமிழ்ச்செல்வி வெளிய பெஞ்சுல உக்காந்து இன்னும் அழுவுறா. உன் மேல தப்பில்ல தாயின்னு நான்தான் தேத்தினேன். ஆமா சார், நான்தான் கொன்னேன். அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல.

ஆனா இதையும் எழுதிக்கங்க. அடுத்த நாள் கதையில அந்த அக்காக்காரி தம்பி கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறா. ஊரே அதை மறுநாள்தான் பார்த்துச்சு. எங்க அக்கா ஒருநாள் முன்னாடியே பார்த்துட்டுத்தான் போயிருக்கும். எந்தத் தம்பி சார் அக்காவுக்கு இம்புட்டு செய்வான்?