பதினான்கு கோடுகள்

மேடையில் வீற்றிருக்கும் இணை இயக்குநர் அவர்களே, சங்கத்தின் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும், மறைந்த நம் அக்காவின் கணவர் அவர்களே, மூன்றாவது வரிசையில் இருக்கும் குடிநீர் வாரியப் பொறியாளர் ஐயா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சன்னலோரம் நிற்கும் என் சக ஊழியர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்கோபம் அதிகம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். செயலாளர் என்னைப் பேச அழைப்பதற்கு முன் என் காதருகே வந்து, "பாத்துப் பேசுங்க, இது இரங்கல் கூட்டம்" என்றார். பார்த்துத்தான் பேசப்போகிறேன். முப்பத்தோரு வருடம் பார்த்ததை மட்டுமே எழுதிய ஒருவருக்காக நாம் கூடியிருக்கிறோம். அவருக்கு வேறு எப்படிப் பேசுவது?

முதுநிலை வானிலைப் பதிவாளர். இந்த அலுவலகத்தின் பின்புறம் கம்பி வேலி போட்ட முற்றத்தில் தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்தவர். வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியைக் குனிந்து படித்தவர். பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. நமக்கோ அவர் மில்லிமீட்டர் அக்கா. கேன்டீனில் தேநீர்க் குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, "இன்னிக்கு எட்டு மில்லி குறையுது தம்பி" என்பார். கேன்டீன்காரர் முணுமுணுத்துக்கொண்டே நிரப்புவார். நான் மாத அறிக்கை தயாரிக்கிறவன், இயல்பைவிட மழை எத்தனை சதவீதம் கூட, எத்தனை சதவீதம் குறைவு என்று கணக்குப் போடுகிறவன். அதனால் எனக்குச் 'சதவீதம்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெயர்தான் எனக்கு.

இந்த வேலையை நான் யாரிடம் கற்றேன் என்று சொல்கிறேன். சேர்ந்த புதிதில் அக்கா நான்கு நாள் விடுப்பில் போனார். முற்றத்துச் சாவி என்னிடம் வந்தது. சனிக்கிழமை அளந்தேன். ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டேன். திங்கட்கிழமை வந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே ஒரு பூஜ்யம் போட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்? அக்கா பார்த்தார். பதிவேட்டைத் திறந்ததும் விரலை அந்தப் பூஜ்யத்தின்மேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்காரர் தொப்பலா நனைஞ்சு வந்தார். நீ சைபர் போட்டிருக்க."

"அன்னிக்கு வர முடியல அக்கா."

"அப்ப கோடு போடு. சைபர்னா நீ வந்த, பாத்த, மழை இல்லைன்னு அர்த்தம். நீ வரவே இல்லையே."

"கோடு போட்டா அசிங்கமா இருக்கும் அக்கா."

"அசிங்கம்தான். உன் அசிங்கம். அதை எதுக்கு மழை மேல பூசற?"

அன்றைக்கு அவர் எதிரிலேயே அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒரு சின்னக் கோடு இழுத்தேன். அளக்காத நாளுக்குக் கோடு. நாள் நாளாகக் கோடு, பிறகு என்றைக்கு மழைமானியைத் திறக்கிறோமோ அன்றைக்கு அதில் சேர்ந்திருக்கும் மொத்தம். அக்கா சொல்லித் தந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகிறது? இதைக் காப்பாற்ற அவர் எத்தனை பேரிடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், கிழக்கே ஏரிக்கரையில் உள்ள நிலையத்தில் பதிவாளருக்குக் கால் உடைந்தது. நாற்பது நாள் அங்கே யாரும் அளக்கவில்லை. மேலிடத்தில் என்ன செய்தார்கள்? அந்த நாற்பது நாளுக்கும் இயல்பு எண்ணை, அதாவது பல வருடச் சராசரியை, போட்டு நிரப்பினார்கள். அறிக்கை 'இயல்பான மழை' என்றது. இயல்பான மழை என்றால் ஏரியில் தண்ணீர் வரும் என்று நம்பி, குடிநீர் வாரியம் தினமும் குழாயைத் திறந்துவிட்டது. அடுத்த மாதம் ஏரி தரை தட்டியது. அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. அக்காவின் மகள் அந்த வார்டில்தான் இருந்தார், பிள்ளை பெற்று இரண்டாம் நாள்.

அக்கா அந்த வார்டிலிருந்து ஒரு காலி வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக இங்கே வந்தார். அப்போதிருந்த அதிகாரியின் மேசைமேல், கோப்புகளின் மேலேயே வைத்தார். "இதுல இயல்பு எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க சார்" என்றார். நான் கதவருகே நின்றிருந்தேன். எனக்கு வேர்த்துக் கொட்டியது, அவருக்கு வேர்க்கவில்லை. பதினைந்து நாளில் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒரே வரி: அளக்காத நாளுக்குக் கோடு இடப்பட வேண்டும். அந்த ஒரு வரியை வாங்கியவர் அக்கா.

அந்தச் சுற்றறிக்கை இன்று எங்கே? போன வருடம் கணினிப் படிவம் வந்தது. அந்தத் திரை கோட்டை ஏற்காது. காலியாக விட்டால் கட்டம் சிவப்பாகும், 'முழுமையற்றது' என்று எழுத்து வரும். முழுமையான பதிவுக்காக நம் வட்டாரத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். கீழே கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறோம். இன்றைக்கு இங்கே வந்த நீங்களெல்லாம் அதைத் தாண்டித்தான் மாடியேறி வந்தீர்கள்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன்.

பதினேழாம் தேதி காலை எட்டரைக்கு அக்கா அளந்தார். ஒன்பது மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்துப் படியில் உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றினோம். அவர் கணவர், பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர், கறுத்த கையோடு ஓடி வந்து ஏறினார். அந்த ஆட்டோவில் அக்கா அவரிடம் சொன்னது இதுதான்: "சதவீதத்துகிட்ட சொல்லிடுங்க, நான் வர்ற வரைக்கும் கோடு போடணும். சைபர் போட்டுடப்போறான்."

இருபதாம் தேதி மதியம் அக்கா நம்மை விட்டுப் போனார்.

நண்பர்களே, போன மாத அறிக்கையை வெள்ளிக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போதுதான் படித்தேன். பதினெட்டாம் தேதி முதல் முப்பத்தொன்றாம் தேதி வரை, பதினான்கு நாளும், ஒவ்வொரு நாளும் மூன்றரை மில்லிமீட்டர் மழை. எந்த ஊர் வானம் பதினான்கு நாள் அலாரம் வைத்துக்கொண்டு மூன்றரை மூன்றரையாகப் பெய்யும்? பக்கத்திலே 'அளந்தவர்' என்ற கட்டம். அதில் அக்காவின் பெயர். இருபதாம் தேதி இறந்துபோனவர், இருபத்தொன்றாம் தேதி காலை எட்டரை மணிக்கு வந்து மழைமானியைத் திறந்திருக்கிறார். அவரை அடக்கம் செய்த நாளிலும் வந்திருக்கிறார். மாதம் முடியும்வரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா?

அறிக்கையின் அடியில் ஒரு கையெழுத்து இருக்கிறது. அது என்னுடையது. இந்த மாதம் இரண்டாம் தேதி, இந்தக் கூட்டத்துக்கு அழைப்பு அடிக்கிற மும்முரத்தில், மற்றவர்கள் நிரப்பி வைத்த அதையும் கட்டுக் காகிதத்தோடு படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். என்மேல் எனக்கு வரும் கோபத்தைக் கழித்துவிட்டுத்தான் மற்றவர்மேல் கோபப்படுகிறேன். கழித்த பிறகும் நிறைய மிச்சமிருக்கிறது.

அன்றே இணை இயக்குநர் அவர்களின் அறைக்குப் போனேன். அவர் இங்கே இருக்கிறார், தவறாகச் சொன்னால் திருத்தட்டும். "ஏன்யா இப்படிக் குதிக்கிற?" என்றார். "இயல்பு எண்ணைத்தானே போட்டிருக்கு? முப்பது வருஷ சராசரிதானே இயல்பு? அந்த முப்பது வருஷமும் அளந்தது அவங்கதானே? அவங்க நம்பரைத்தான் அவங்க பேர்ல போட்டிருக்கோம். ஒரு மரியாதைன்னு வச்சுக்கோயேன்."

மரியாதையாம். ஐயா, நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. இந்த வட்டாரத்தின் இயல்பு என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது அக்காவின் முப்பது வருடக் காலைகள்தான். காய்ச்சலோடு வந்த காலைகள், மகளின் கல்யாணத்தன்று பட்டுப்புடவையில் வந்து அளந்துவிட்டு ஓடிய காலை, எல்லாம் அதில் இருக்கின்றன. அத்தனை காலைகளையும் எடுத்து ஒரு பொய்யை நிரப்பினீர்களே, அதைத்தான் கேட்கிறேன். அவர் வாழ்நாளில் ஒரு பொய் எண் எழுதியதில்லை. செத்த பிறகு பதினான்கு எழுத வைத்துவிட்டீர்கள்.

நான் சதவீதம். என் மொழியில் சொல்கிறேன், பொறியாளர் ஐயா, உங்களுக்காகச் சொல்கிறேன். போன மாதத்தின் இயல்பு மழை தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர். அக்கா பதினேழு நாளில் அளந்தது இருபத்தெட்டுப் புள்ளி நான்கு. அந்தப் பதினேழு நாளின் இயல்பு நாற்பத்தைந்து, அதைவிட இது முப்பத்தேழு சதவீதம் குறைவு. வெயிலோ இயல்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு டிகிரி அதிகம். ஆனால் நிரப்பிய அறிக்கையில் மழை பதினெட்டு சதவீதம்தான் குறைவு, வெயில் ஒரே டிகிரிதான் அதிகம். பத்தொன்பது சதவீதம் வரை குறைந்தால் அதற்கு நாங்கள் 'இயல்பு' என்றே பெயர் வைத்திருக்கிறோம். அந்த அறிக்கையை நம்பித்தான் இந்த மாதமும் தினமும் குழாயைத் திறந்துவிடுகிறீர்கள். சரிதானே ஐயா?

நிஜத்தில் எவ்வளவு பெய்தது என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் கொடியில் போட்ட துணி ஒரு நாளும் நனையவில்லை. ஆனால் அதை வைத்துப் பேசினால் அக்கா என்னை விடமாட்டார், என் வீட்டுக் கொடி மழைமானி இல்லை.

மழைமானிக்குள் ஒரு புட்டி உண்டு. யாரும் திறக்காவிட்டால், பெய்கிற மழை அதிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். முற்றத்துக் கதவு பதினேழாம் தேதியிலிருந்து பூட்டியே கிடந்தது. சாவி அக்காவின் சாப்பாட்டுப் பையில், அவர் வீட்டு ஆணியில் தொங்கியது. மாதம் முழுக்க அளந்ததாக எழுதியவர்களில் ஒருவராவது அந்தச் சாவியைக் கேட்டு அவர் வீட்டுக்குப் போனாரா? நேற்று மாலைதான் நான் போனேன். அவர் கணவர் பையை அப்படியே கையில் கொடுத்து, "நானும் வரலாமா? அவ வேலை செய்யற இடத்தை நான் ஒரு தடவைகூட உள்ள வந்து பாத்ததில்லை" என்றார்.

இன்று காலை எட்டரைக்கு நாங்கள் இருவரும் கதவைத் திறந்தோம். நான் மூடியைக் கழற்றினேன். அவர் புட்டியை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, அளவுக் குவளையில் ஊற்றினார். நான் குனிந்து கண்ணுக்கு நேராக வைத்துப் படித்தேன். ஆறு புள்ளி இரண்டு.

இருபது நாளுக்குச் சேர்த்து ஆறு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். கொஞ்சம் ஆவியாகிப் போயிருக்கலாம், அதையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன். நாற்பத்தொன்பது பெய்ததாக அறிக்கை சொன்ன இடத்தில் ஆறு புள்ளி இரண்டு. அத்தனையும் போன மாதமே பெய்தது என்று வைத்துக்கொண்டாலும், இயல்பைவிட அறுபத்து மூன்று சதவீதம் குறைவு. பொறியாளர் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து மூலமான அறிக்கை வர நாளாகலாம். குழாயை முறை வைத்துத் திறக்க நாளைக்கே உத்தரவு போடுங்கள். இன்னொரு பிரசவ வார்டில் குழாயிலிருந்து காற்று வரக்கூடாது.

அளந்து முடித்ததும் அவர் கணவர் குவளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இதை இப்ப என்ன செய்யணும்?" என்றார்.

"கீழ ஊத்திடணும் மாமா. நாளைக்குப் பெய்யறதுக்கு இடம் வேணும்."

அவர் வேலி ஓரத்துப் புல்லில் மெதுவாக ஊற்றினார்.

பெரியோர்களே, என் சட்டைப்பையில் திருத்தப் படிவம் இருக்கிறது. முதல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இந்த முறை படித்துவிட்டுப் போட்டேன். இரண்டாவது கையெழுத்து இணை இயக்குநர் அவர்களுடையது. மேடையிலேயே போட்டால் மாலையைவிட அதுவே அக்காவுக்குப் பெரிய மரியாதை. போடாவிட்டால் படிவம் நாளைக்குப் பதிவுத் தபாலில் தலைமையகத்துக்குப் போகும். எனக்கு மாறுதல் வரும் என்றால் வரட்டும், எங்கே போட்டாலும் அங்கேயும் மழைமானி இருக்கும். கட்டம் சிவப்பானால் ஆகட்டும். கேடயத்தை அவர்கள் திரும்பக் கேட்டால் துடைத்துக் கொடுத்துவிடுவோம். இந்த முற்றத்தில் அளக்காத நாளுக்கு இனி எண் விழாது. இதை அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன்.

முடித்துவிடுகிறேன். அந்தப் படிவத்தில் 'அளந்தவர்' கட்டத்தில் அக்காவின் பெயரைப் பதினேழாம் தேதியோடு நிறுத்தியிருக்கிறேன். பதினெட்டாம் தேதிக்கு எதிரே கோடு இழுத்தேன். ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை, அடக்கத்தின்போது ஆயிரம் வேலை இருந்தது. முதல் கோட்டை இழுத்தபோதுதான் அக்கா வரவில்லை என்பது எனக்கு உறைத்தது. மீதிப் பதின்மூன்றையும் அழுதுகொண்டேதான் இழுத்தேன்.

நாளைக் காலை எட்டரைக்கு நான் அளக்கப் போகிறேன். வணக்கம்.