தாமதமாக வந்தவர் எழுதக் கூடாத வரி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் நாராயணம்மா அவர்களே, ஆன்றோரே, முதல் ஷிப்டு முடித்துச் சீருடையோடே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மூக்கண்டப்பள்ளியின் முத்தான தோழியரே, வணக்கம்.

ஆங்கிலப் பழமொழியை எழுத்தில் அழகாகக் கையாள்வது எப்படி என்று பேச அழைத்தீர்கள். அதை நான் தவறாகக் கையாண்ட கதையைச் சொல்கிறேன்.

நம் தெருவில் கடிதம் என்றால் என்னிடம் வருவார்கள். அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன், அவர்கள் கையெழுத்திடுவார்கள். படித்துப் பார்த்ததுண்டா? இல்லை. நான் படித்துக் காட்டியதுண்டா? அதுவும் இல்லை.

எதிர்வீட்டுத் தஸ்லிம் வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வரிசை, வேலைக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். பணி நிரந்தரமாகப் பத்தே நாள் இருந்தது. ஆங்கிலத்தில் விளக்கம் கேட்டது கம்பெனி. எழுதினேன். எழுதியதோடு நின்றேனா? முடிவில் ‘பெட்டர் லேட் தேன் நெவர்’ என்று முத்திரை பதித்தேன். வராமலே போவதைவிடத் தாமதமாகவாவது வந்தது மேல் என்று பொருள். முன்வரிசையில் கெம்பம்மா அக்கா சிரிக்கிறார். சிரியுங்கள் அக்கா, எழுதி முடித்ததும் நானும் சிரித்தேன்.

மறுநாள் கடிதத்தைப் படித்த கம்பெனி அதிகாரி அவளை உள்ளே விடவில்லை. “லேட்டா வந்துட்டு, வந்ததே பெருசுங்கறியாம்மா?” என்றாராம்.

தஸ்லிம் என்னிடம் சத்தம் போடவில்லை. “ஏங்க்கா, நான் சொன்னதுல இது எங்க இருந்துச்சு?”

“அழகா இருக்கட்டுமேன்னு போட்டேன் தஸ்லிம்.”

“வேலை போனா அழகு சோறு போடுமாக்கா?”

சொல் பிழையா? இல்லை. பொருள் பிழையா? இல்லை. சொன்ன வாய் பிழை. அது காத்திருந்தவர் கருணையோடு சொல்வது. காக்க வைத்தவரே சொன்னால், மன்னிப்பைக் கேட்காமல் தானே எடுத்துக்கொள்வதாகிவிடும்.

அவளை அருகில் அமர்த்தி மீண்டும் எழுதினேன். வரிவரியாகத் தமிழில் வாசித்தேன். மூன்றாம் வரியில் தடுத்தாள்: “காய்ச்சல் நூத்தி ரெண்டுதாங்க்கா. நூத்தி நாலுன்னு ஏன் போடறீங்க?” அடித்துத் திருத்தினேன். பழைய கடிதத்தின் கடைசி வரி என்னுடையது என்று தனித்தாளில் எழுதி, என் பெயரையும் போட்டு, புதுக் கடிதத்தோடு கொடுத்தனுப்பினேன்.

வேலை திரும்பக் கிடைத்தது. நிரந்தரம் மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போனது. என் அலங்காரத்துக்காக அந்த மூன்று மாதத்தையும் உழைத்துக் கழித்தவள் தஸ்லிம்.

ஆகவே, அன்பு நிறைந்தோரே, ஆங்கிலம் கற்போம், அழகாகவும் எழுதுவோம். ஆனால் யார் பெயரில் எழுதுகிறோம் என்பதை மறவோம். நான் நீட்டும் தாளிலும், வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்.