ஃப்ரீசர்ல இருந்த சீம்பால்

பின்ன என்னங்க சார்... ஃப்ரீசர்ல வெச்ச பாலக் காணோம்னா அதுக்கு நானா வாட்ச்மேன்? காலைல இருந்து எம் பொண்டாட்டி ப்ரீத்தி என்னையே மொறைக்கறா. நீங்க பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து பொட்டிகூடப் பிரிக்கல, அதுக்குள்ள எங்க வீட்டுச் சண்டை உங்க காதுல! உக்காருங்க வாஞ்சிநாதன் சார், சாப்பிடுங்க. ஸ்வீட் எப்பிடி? ...அப்பிடிச் சொல்லுங்க!

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், ஆடு. பின்னாடி ஷெட்ல கத்துதே, அதான். அத வளக்க டவுன்ஷிப் ஆபீஸ்ல பர்மிட் வாங்கறதுக்குள்ள எனக்கு க்ரீன் கார்டே வந்துரும்போல இருந்துச்சு. இன்னிக்குக் காலைல மூணு குட்டி போட்டுச்சுங்க. ரெண்டு முட்டி மோதிக் குடிச்சிருச்சு. மூணாவதக் கிட்டயே சேக்க மாட்டேங்குது, ஒரே ஒதை. மடியிலயும் ஒண்ணும் மிச்சமில்ல.

அதுக்கு இவ என்னை நிக்க வெச்சு கிளாஸ் எடுக்கறா! பிளெய்ன்ஸ்பரோவுல மருந்துக் கம்பெனில ஆன்டிபாடி ஆராய்ச்சி பண்றா பாருங்க, வீட்லயும் அதே பேச்சு. மனுசக் கொழந்தைக்கு வயித்துக்குள்ளயே அம்மாகிட்டருந்து நோய எதுக்கற ஆன்டிபாடி போயிருமாம். ஆட்டுக்குட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லையாம், வெறுங்கையோட பொறக்குமாம். மொதப் பால், அந்தச் சீம்பால்ல வர்றதுதானாம் எல்லாம். அதுவும் பொறந்த சூட்டோட உள்ள போகணும், நேரமாச்சுன்னா குடல் கதவச் சாத்திக்குமாம். அப்பறம் சின்ன நோய் வந்தாலும் குட்டி தாங்காதுன்னு அழறா சார். நெஜமாவே அழறா. எனக்கும் பாவமாத்தான் இருக்கு... இத்துனூண்டு குட்டி, ஹீட்டர்கிட்டப் படுத்துட்டு என்னையே பாக்குது. அதுவும் என்னையே!

இந்த மாதிரி ஆத்திர அவசரத்துக்குன்னு போன ஈத்துல கறந்து ஃப்ரீசர்ல வெச்சிருந்தாளாம். அதக் காணோம். இப்ப வேற ஆட்டுப்பண்ணைல கொஞ்சம் கெடைக்குமான்னு காரை எடுத்துட்டுப் பறந்துட்டா.

எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்க வேண்டாமா சார்? எங்க கோபிச்செட்டிபாளையத்துல சீம்பாலப் பாத்தா ஆன்டிபாடியா ஞாபகம் வரும்? நாட்டுச்சக்கரையும் ஏலக்காயும்தான் ஞாபகம் வரும்! புது நெய்பர் மொதத் தடவ வீட்டுக்கு வர்றீங்க, நம்மூர் ஸ்வீட்டாக் குடுப்போமேன்னு நேத்து அவ ஆபீஸ் போனதும் ஐசலின்ல நம்மூர்க் கடைக்குப் போய்ச் சக்கரை வாங்கிட்டு வந்து, அடுப்புல வெச்சு, பதமாக் கெட்டியாக்கி... எல்லாம் உங்களுக்காகத்தான் சார்!

ஏன் சார் ஸ்பூனக் கீழ வெச்சுட்டீங்க? சாப்பிடுங்க, இனிமே குட்டிக்குக் குடுத்தும் பிரயோஜனமில்ல. நல்லாக் கொதிச்சா ஆன்டிபாடி போயிருமாம்.

இருங்க, அவதான்... ஹலோ! கெடச்சுதா? அப்பாடா! நல்லவேளை, குட்டி பொழச்சுக்கும்! ...என்னது, நம்ம வீட்டு வாசலுக்கே வந்துட்டியா?

சார், ஒரே ஒரு ஒதவி. கேட்டா ஸ்வீட் நீங்க கொண்டாந்ததுன்னு சொல்லிருங்க... சார்? பின்கதவு வழியா எங்க... வாஞ்சிநாதன் சார்! போறதுதான் போறீங்க, அந்தக் கிண்ணத்தையாவது எடுத்துட்டுப் போங்க சார்!